காலுக்கு ஒரு கண்ணாடி

மாத்தளை ஆஸ்பத்திரியின் நீரிழிவு கிளினிக்கில் என்னைப் போட்டது என் கெட்டித்தனத்தைப் பார்த்து அல்ல. வரிசையில் நின்றவர்களில் பாதிப் பேர் உக்குவளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து வந்த தமிழர்கள். தமிழ் பேசத் தெரிந்த நர்ஸ் நான் ஒருத்திதான். முதல் நாளே சிஸ்டர் சிங்களத்தில் சொல்லிவிட்டார்: மருந்து கொடுக்க ஆள் இருக்கிறது, நீ இவர்களுக்குப் புரியும்படி பேசு, அது போதும்.

வாய் ஓயாது என்று வீட்டில் திட்டு வாங்கியவள், அதற்கே சம்பளம் வாங்க ஆரம்பித்தேன். எவ்வளவு சோறு சாப்பிடலாம், தேத்தண்ணிக்கு ஏன் சீனி கூடாது, மாத்திரையை எப்போது போட வேண்டும் என்று எல்லாம் சொல்வேன். ஆனால் பேர் வாங்கித் தந்தது கால் பாடம்தான். சுகர் கூடி நரம்பு மரத்துப் போனால் காலில் காயம் பட்டாலும் வலிக்காது. தினமும் கண்ணால் பார்த்தால்தான் தெரியும். டொக்டர் வருடத்துக்கு ஒருமுறை காலைச் சோதிப்பார், மற்ற நாட்களில் பார்த்துக்கொள்வது அவரவர் பாடு. அதனால் கைப்பையிலிருந்து என் வட்டக் கண்ணாடியை எடுத்து, ஒற்றைக் காலில் நின்று, மற்ற உள்ளங்காலை அதில் எப்படிப் பார்ப்பது என்று செய்து காட்டுவேன். பெஞ்சில் இருப்பவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். டொக்டர்கூட ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு நன்றாக இருக்கிறது என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

ராமாயி அக்கா என் முதல் தர மாணவி. கொழுந்து பறிப்பவர். மகன் கொழும்பில் ஏதோ கடையில் வேலை, பணம் வந்தால் வந்ததுதான். மருமகளுக்குக் கைக்குழந்தை. அக்கா தேயிலை மலைக்குப் போனால்தான் லயத்து வீட்டில் அடுப்பு எரியும். சீனியை விட்டார், சோற்றைக் குறைத்தார், சுகரும் இறங்கியது. ஒவ்வொரு மாதமும் கேட்பேன்:

"அக்கா, காலப் பாக்குறீங்களா?"

"பாக்குறேங்க மிஸ். தெனமும் பாக்குறேன்."

மழைக்காலத்தில் ஒரு கிளினிக் நாள், மருமகள் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தார். கொஞ்சம் காய்ச்சல் என்றார். பக்கத்தில் வந்ததுமே எனக்கு நாற்றம் அடித்தது. செருப்பைக் கழற்றச் சொன்னேன். சுண்டு விரலுக்குக் கீழே, உள்ளங்காலில் கறுத்துப் போய் ஒரு குழி.

"அட்டை கடிச்சிருக்கும் மிஸ்," என்றார் அக்கா. "வலிக்கவே இல்லியே."

"கண்ணாடியில பாக்கலியா நீங்க?" என்று கத்திவிட்டேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். மருமகள்தான் வாயைத் திறந்தாள்.

"எங்க வூட்ல ஒரே ஒரு கண்ணாடிதாங்க மிஸ். அது சாமி தட்டுல இருக்கு. காலைல வெளக்குப் பத்த வச்சு அதுல மொகம் பாத்துத்தான் பொட்டு வைப்போம். அதுக்குப் போயி காலக் காட்டுவாங்களா?"

நானும் மாத்தளை டவுனில் கோயில் பக்கம் பிறந்து வளர்ந்தவள்தான். என் அம்மாவும் சாமி படத்துக்கு நேராகக் கால் நீட்ட விடமாட்டார். இது எனக்குத் தெரியாத விஷயமா?

அக்காவைக் கண்டி பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினோம். முதலில் விரல்களை எடுத்தார்கள். பிறகு முழங்காலுக்குக் கீழே முழுவதையும் எடுத்தார்கள். அக்கா இனி மலை ஏறப் போவதில்லை. பார்க்கப் போனபோது மனசு கேட்காமல் கேட்டேன்.

"ஏன்க்கா ஒவ்வொரு மாசமும் பாக்குறேன்னு சொன்னீங்க?"

"நீங்க ஒத்தக் கால்ல நின்னு அவ்வளவு பாடுபட்டுக் காட்டுனீங்க. முடியாதுன்னு சொன்னா ஒங்க மனசு சங்கடப்படுமேன்னுதாங்க. நீங்க நல்லாத்தான் சொல்லிக் குடுத்தீங்க மிஸ்."

என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். வெளியே வந்து பஸ் ஸ்டாண்டில், ஆட்கள் பார்க்கப் பார்க்க அழுதேன்.

அடுத்த கிளினிக்கில் வகுப்பு எடுக்கவில்லை. பெஞ்சில் முதலாவதாக இருந்தவர் கலேவெலயில் கடை வைத்திருக்கும் ஒரு முஸ்லிம் நானா. அவரிடம் கேட்டேன்.

"நானா, எந்தக் கண்ணாடியில கால் பாக்குறீங்க?"

அவர் சங்கடத்தோடு சிரித்தார். "கண்ணாடி அலுமாரிக் கதவுல இரிக்கி மிஸ். அதுல உள்ளங்காலப் பாக்கனும்டா நான் தலகீழாத்தான் நிக்கனும்."

பக்கத்தில் இருந்த தோட்டத்து அம்மா வீட்டிலும் கண்ணாடி சாமி தட்டில்தான். அவருக்கு அடுத்த பெரியவர், "வூட்ல கண்ணாடியே இல்லீங்க மிஸ்," என்றார்.

இத்தனை மாதமும் இவர்கள் எல்லோரும் பார்க்கிறோம் என்றுதான் சொல்லி வந்தார்கள். இப்போது வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான்: புரிந்ததா என்று கேட்காதீர்கள், புரிந்தது என்றுதான் சொல்வார்கள். வீட்டில் எதை வைத்துச் செய்வீர்கள் என்று கேளுங்கள்.

அன்று எல்லோரையும் செருப்பைக் கழற்றச் சொல்லிவிட்டு, தரையில் உட்கார்ந்து ஒவ்வொரு காலாகப் பார்த்தேன். வரிசை வாசல் வரை நீண்டது, சிஸ்டர் சத்தம் போட்டார். போடட்டும் என்று விட்டுவிட்டேன். முந்தைய மாதமே இப்படி உட்கார்ந்திருந்தால், ராமாயி அக்கா இன்றைக்கும் கூடையோடு மலைக்குப் போயிருப்பார்.