மயில்நீலச் சேலையும் லைஃப் ஜாக்கெட்டும்

கும்மிடிப்பூண்டியில் ஒரே கம்பெனியில் வேலை பார்க்கும் தோழிகள் ஆறு பேர் பொங்கல் விடுமுறையில் புதுச்சேரி போனோம். கரையோரமாகக் கடலில் சுற்றிவர ஒரு சொகுசுப் படகை எங்களுக்கென்றே வாடகைக்கு எடுத்தோம்.

எங்கே போனாலும் ஆறு பேரும் ஒரே மாதிரி சேலை கட்டுவது எங்கள் வழக்கம். ஆனால் அன்று கட்டியிருந்த மயில்நீலம் கவிதாவுக்கு மட்டும்தான் எடுப்பாக இருந்தது. சேலைமேல் லைஃப் ஜாக்கெட் போட்டிருந்தும், படகு முனையில் அவளையே நிற்கவைத்து மற்றவர்கள் மாறி மாறிப் படமெடுத்தார்கள். எனக்கு வயிறு எரிந்தது.

என் சேலையாவது முழுசாகத் தெரியட்டும் என்று என் லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றி வைத்துவிட்டு, அவளைத் தாண்டிப் போய்க் கம்பியோரம் நின்றேன். ஓர் அலை படகைத் தூக்கிப் போட்டது. கால் வழுக்கி, பாதி உடம்பு கம்பிக்கு வெளியே போய்விட்டது. என் தோளைப் பிடித்து உள்ளே இழுத்தவள் கவிதாதான்.

"இன்னாடி, பைத்தியமா உனக்கு? லைஃப் ஜாக்கெட்ட எதுக்குடி கழட்டின?" என்று அழுதுகொண்டே கத்தினாள்.

அதையும் ஒருத்தி படம் பிடித்திருந்தாள். அதிலும் கவிதாதான் அழகு.

இப்போது பழவேற்காட்டில் சின்னப் படகில் ஏறினால்கூட, முதலில் லைஃப் ஜாக்கெட்டை மாட்டிக்கொள்கிறேன். பொறாமைப்படுவதெல்லாம் அதற்கப்புறம்தான்.