அம்மா தெரிந்தே சொன்ன தப்புகள்

அம்மா போன மாதம் இறந்தாள். நீதிமன்ற உளவியலாளர். கொடுமைக்கு ஆளான குழந்தை சொல்வது அதன் சொந்தப் பேச்சா, யாராவது சொல்லிக்கொடுத்ததா என்று மதிப்பிட்டு அறிக்கை தருவாள். நான் ஒலிப்பதிவுப் பொறியாளன். அவள் அறையில் மைக்கும் கேமராவும் மாட்டியவன்.

எந்தக் குழந்தையிடமும் முதலில் ஒரு தப்பைச் சொல்வாள். குழந்தை திருத்தினால்தான் வழக்குக்குள் நுழைவாள். எல்லாவற்றுக்கும் தலையாட்டும் குழந்தையின் வாக்குமூலத்தை எதிர்த்தரப்பு வக்கீல் ஊதித் தள்ளிவிடுவார்.

வீட்டிலும் உப்பைக் காட்டிச் சர்க்கரை என்பாள்.

"நான் சாட்சி இல்லம்மா."

"தெரியும். சாட்சிங்க இன்னும் சீக்கிரமா பதில் சொல்லும்."

கடைசி வழக்கு எட்டு வயதுப் பெண். பெரியப்பா சூடு வைத்ததாகப் புகார். வழக்கு முடியும்வரை பெண்ணை அத்தையின் வீட்டில் விட்டிருந்தார்கள். அறிக்கை பலவீனமானால் பெரியப்பாவிடமே திரும்ப வேண்டும். மைக்கில் இரைச்சல் வந்ததால், நீதிமன்ற அனுமதியோடு பக்கத்து அறையில் ஹெட்போனுடன் இருந்தேன்.

"உனக்கு ஆறு வயசுதானே?"

"ஆமா."

அம்மா அன்றைய அமர்வை முடித்துவிட்டாள்.

அரசு வக்கீல் பொரிந்தார். "தழும்பே இருக்கு டாக்டர். ஒரு கேள்வி கேட்டா முடிஞ்சுது."

"ஆமா. கேஸும் சேர்ந்து முடிஞ்சிடும்."

எதிர்த்துப் பேசினால் சூடு விழுந்த வீட்டிலிருந்து வந்த பெண். அடுத்த இரண்டு அமர்வுகளும் படம் வரைவதிலேயே போயின. "நான் தப்பா சொன்னா நீ திருத்தலாம், கோவிச்சுக்க மாட்டேன்" என்பதை மட்டும் அம்மா சொல்லிக்கொண்டிருந்தாள். புற்றுநோய்ச் சிகிச்சையில் அம்மாவுக்கு அப்போதே முடி கொட்டியிருந்தது.

நான்காம் அமர்வில் அம்மா ஒரு பூனைப் பொம்மையை எடுத்தாள்.

"இந்த நாய் அழகா இருக்கு."

மைக்கில் மூச்சு மட்டும்.

"அது பூனை."

"நாய்னு நினைச்சேனே."

"இல்ல ஆன்ட்டி. நல்லா பாருங்க."

அம்மா பாராட்டவில்லை. பாராட்டினால் அதுவே சொல்லிக்கொடுத்ததாகிவிடும். "சரி, பூனை" என்றாள். மேசைக்கடியில் அவள் கால்விரல்கள் ஆடியதைத் திரையில் பார்த்தேன்.

"நீ இங்க எதுக்கு வந்திருக்கேன்னு சொல்லு."

பெண் சொல்லத் தொடங்கினாள்.

குழந்தை எதற்கும் ஆமாம் போடும் என்று எதிர்த்தரப்பு வக்கீல் வாதிட்டபோது, அம்மா நான்கு பதிவுகளையும் வரிசையாக ஓடவிடச் சொன்னாள். பெண் அத்தையிடமே வளரத் தீர்ப்பானது.

துக்கம் கேட்க இருவரும் வந்திருந்தார்கள். "இப்ப எதைச் சொன்னாலும் இல்லங்கிறா. வீட்டுப்பாடத்துக்கும்தான்" என்றார் அத்தை.

பெண் அம்மாவின் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பாப்பாவுக்கு ஆறு வயசுதானே?" என்றேன்.

"இல்ல. ஒன்பது" என்றாள், திரும்பிக்கூடப் பார்க்காமல்.