எங்க குப்பத்துல மரம்னா வேற

மேடையில கதை சொல்றதும் மீன் விக்கிறதும் ஒண்ணுதான். சரக்கு நம்மளது, நொட்டை சொல்றது வந்தவங்க.

காலையில ராஜகீழ்ப்பாக்கம் ஜங்ஷன்ல எனக்கு மீன் கூடை. சாயங்காலம் யாராவது மீனவர் பாரம்பரிய விழான்னு கூப்பிட்டா, எங்க துறைமுகக் குப்பத்துக் கதை. அதுலயும் எங்க அண்ணன் செல்வம் கதை. கடல்ல கட்டுமரம் கவுந்து திரும்பி வராதவன். அவன் பேரை நாலு பேர் முன்னாடி சொல்லணும், அவ்ளோதான் என் ஆசை. நீங்களும் மேடை ஏறினவங்கன்னா என் வயித்தெரிச்சல் புரியும்.

வேஷம்

வண்டலூர்ல ஒரு மண்டபம். இருக்கறதுல நல்ல புடவையா கட்டிக்கினு போனேன். அதை மாத்தச் சொல்லி, முழங்கால் தெரியற மாதிரி ஒரு சேலை, இடுப்புக்குப் புதுக்கூடை, அதுக்குள்ள பிளாஸ்டிக் மீனு குடுத்தாங்க. அன்னிக்குக் காலையிலதான் வஞ்சிரம் வெட்டினேன், கையில கவுச்சி கூடப் போகல. மேக்கப் போட வந்த பொண்ணு என்னை மேலயும் கீழயும் பாத்துட்டு சொல்லுது: "அக்கா, நீங்க மீனவப் பொண்ணு மாதிரியே இல்லக்கா."

நேரம்

அதே மேடைதான். கதையில அலை எழும்பற இடத்துக்கு வந்துட்டேன், விழா நடத்துற சார் கீழ நின்னு வாட்ச்சைத் தட்டிக் காட்டுறாரு. அண்ணன் பேரைச் சொல்றதுக்குள்ள மைக்கை வாங்கிட்டாங்க. எறங்கி வந்து, ஏன் சார் இப்படின்னு கேட்டேன். அவர் ரொம்ப மரியாதையா சொன்னாரு: "தப்பா எடுத்துக்காதீங்க அக்கா, சாவுக் கதை கேட்டா ஜனங்க பிரியாணி சாப்பிட மாட்டாங்க."

மரம்

அடுத்து காட்டாங்குளத்தூர்ல ஒரு காலேஜ் விழா, நடத்துறது அதே சார்தான். பசங்க என் கதையை டான்ஸா ஆடப்போறாங்கன்னு போன்லயே கேட்டு எழுதிக்கினாங்க. "மரம் கவுந்துச்சு, அண்ணன் போய்ட்டான்"னு சொன்னேன். எங்க குப்பத்துல கட்டுமரத்தை மரம்னுதான் சொல்லுவோம். அது அந்தப் பசங்களுக்கு எப்படித் தெரியும், எனக்கும் அன்னிக்குத் தோணல.

எங்கயும் வராத அண்ணி, புருஷன் பேரைக் கேக்கணும்னு அன்னிக்கு வந்து முன்வரிசையில உக்காந்துகினு இருந்தா. மேடையில பச்சைத் துணி சுத்திக்கினு இருபது பசங்க ஆடுறாங்க, இலை அசையுது, புயல் வருது, ஒரு பெரிய மரம் சாஞ்சு ஒரு பையன் மேல விழுது. கூட்டம் கை தட்டுது. அண்ணி என் பக்கம் திரும்பி மெல்ல கேட்டா: "இன்னாமே, கடலுக்குப் போன உங்கண்ணன் தோப்புக்கு எப்போ போனாரு?"

மைக்

நேரா ஏறி மைக்கைப் புடுங்கினேன். "எங்க அண்ணன் மேல எந்த மரமும் விழல. கவுந்த கட்டுமரத்தைப் புடிச்சிகினு ராத்திரி பூரா கடல்ல கெடந்தான். மரம் கரைக்கு வந்துச்சு, அவன் வரல. பேரு செல்வம். அவன் பொண்டாட்டி அதோ உக்காந்துகினு கீது"ன்னேன். ஒருத்தரும் கை தட்டல. அண்ணி முந்தானையால மூஞ்சியை மூடிக்கினா. வாட்ச் தட்டின அதே சார் ஓடி வந்து, வந்தவங்களுக்கெல்லாம் குடுத்த வேப்பங்கன்னுல ஒண்ணை என் கையில வச்சாரு: "சூப்பர் அக்கா, இந்த மரத்துக்கு அண்ணன் பேரையே வச்சிடுங்க."

அந்தக் கன்னு இப்ப என் மீன் கூடைக்குப் பக்கத்துல கீது, மரம்னா இன்னான்னு தெரிஞ்ச ஆள் யாராவது வந்தா அதைச் சும்மாவே குடுத்துடறேன்.