பிச்சைமுத்துவின் வெறும் வயிறு

"சம்பந்தி வராரு, எல்லாரும் மூச்சப் புடிச்சிக்கிங்க" என்று சொல்லிவிட்டுத்தான் பிச்சைமுத்து ஸ்டியரிங்கை ஒடிப்பார். வெள்ளிமலையிலிருந்து இறங்கும் பாதையில் ஆகக் குறுகலான வளைவுக்கு அவர் வைத்த பெயர் அது. ஜீப்பே சிரிக்கும். அவர் மட்டும் சிரிக்க மாட்டார். மலைக்குளிரிலும் அவர் சட்டை முதுகோடு ஒட்டியிருக்கும்.

"இத்தனை வருஷமா ஓட்டுறீங்க, இன்னுமா பயம்?" என்று, அவர் ஜீப்பில் அடிக்கடி போய்வரும் நான் ஒருமுறை கேட்டேன்.

"பயப்படாதவன் வண்டியில ஏறாதீங்க சார்" என்றார்.

மனிதருக்குச் சர்க்கரை வியாதி. களி, சாமைச்சோறு என்று வாயைக் கட்டித்தான் வாழ்கிறார். ஆனாலும் கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் வெறும் வயிற்றில் சோதனைக்கு ரத்தம் கொடுத்தால் சர்க்கரை எகிறிப்போய் நிற்கும். "யோவ், எங்கய்யா ஒளிச்சி வெச்சிக்கினு துன்றே?" என்று மனைவி இருசம்மாள் வெல்லப் பானையை இடம் மாற்றிக்கொண்டே இருந்தார். பல்லில் பச்சைத்தண்ணீர் படவில்லை என்று இவர் செய்த சத்தியம் யார் காதிலும் ஏறவில்லை.

போன மாதம் டாக்டர் கோகிலவாணி கறாராகச் சொல்லிவிட்டார். அடுத்த முறையும் குறையாவிட்டால் இன்சுலின் ஊசிதான். ஊசி போட்டபின் சர்க்கரை திடீரென்று இறங்கி மயக்கம் வந்தால், அந்த வளைவுகளில் என்ன கதி? ஜீப்பை விட்டுவிட வேண்டியதுதான்.

பிச்சைமுத்து எழுந்து வரும்போதுதான் டாக்டர் அவர் கையிலிருந்த சாவியைப் பார்த்தார்.

"நீங்களேவா ஓட்டிட்டு வந்தீங்க?"

"ஆமாங்க, ஆளுங்கள ஏத்திக்கினு. வெறும் வயித்துலதான வரச் சொன்னீங்க, வெறும் வண்டியில வரச் சொல்லலியே."

டாக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். பிறகு பொறுமையாக விளக்கினார். பதற்றம் வந்தால் அட்ரினலின் சுரக்குமாம். அது ஈரலில் சும்மா கிடக்கும் நொதியை முடுக்கிவிடும். நொதி அங்கே சேர்த்துவைத்த சரக்கை உடைத்துச் சர்க்கரையாக ரத்தத்தில் இறக்கும். ஓடித் தப்பிக்க உடம்பு செய்யும் ஏற்பாடு. இவரோ உட்கார்ந்த இடத்திலேயே பதறுகிறார், அந்தச் சர்க்கரை எங்கே போகும்?

"வாயால துன்னாதான் ஏறும்னு நெனச்சிக்கினு இருந்தேன்" என்றார் பிச்சைமுத்து.

இந்த முறை முந்தின நாளே பஸ்ஸில் மலையிறங்கி, நைனார்பாளையத்தில் மகள் வீட்டில் நிம்மதியாகத் தூங்கி எழுந்து ரத்தம் கொடுத்தார். இருசம்மாளும் நானும் கூடப் போயிருந்தோம்.

"நல்லா கம்மியாயிருக்கு. மாத்திரையே போதும், வண்டிய ஓட்டுங்க. ஆள மட்டும் ஜாஸ்தி ஏத்தாதீங்க" என்றார் டாக்டர்.

வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்ததும் பிச்சைமுத்து கண்ணைத் துடைத்துக்கொண்டார். இருசம்மாள் பக்கத்திலிருந்த முன்பின் தெரியாத பெண்ணிடம் திரும்பினார்.

"எங்க வூட்டுக்காரு திருடித் துன்னலங்க. அவரு ஈரலுதான் குடுத்துக்கினு இருந்திருக்குது."

சொல்லிக்கொண்டே கணவரின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.