கஸ்தூரி டீச்சர் வாய் திறக்காத வகுப்பு

ஒரகடம் கூட்டுரோட்டில் ஷேர் ஆட்டோ ஏறினால் யாரும் உங்கள் பெயரைக் கேட்கமாட்டார்கள். “இன்னா கம்பெனி?” என்றுதான் கேட்பார்கள். நான் “ஸ்கூல்” என்றேன். “கேன்டீனா, ஹவுஸ் கீப்பிங்கா?” என்றார் டிரைவர். “டீச்சருங்க” என்றதும் திரும்பிப் பார்த்து, “அப்போ ஷிப்ட் கெடையாது. குட்த்து வச்சவங்கம்மா” என்றார். அந்தக் கொடுத்து வைத்தவள், பயிற்சி நடக்கும் படப்பை போய்ச் சேருவதற்குள் பாதியில் இறங்கிவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது அவருக்கு எங்கே தெரியும்!

நான் சங்கரன்கோவில் பக்கத்துக்காரி. கணவருக்கு இங்கே கார் பாகங்கள் செய்யும் கம்பெனியில் வேலை. பெரும்பாலும் நைட் ஷிப்ட். அவருக்காக மாறுதல் வாங்கி வந்தேன். வந்த சூட்டோடு, சக ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் கருத்தாளராக என்னைப் போட்டுவிட்டார்கள். நம்மூரில் பயிற்சி என்றால் கல்யாண வீடு மாதிரி. முன்வரிசையில் சித்தி இருப்பாள், பின்வரிசையில் கூடப் படித்தவள் இருப்பாள், தப்பாகச் சொன்னாலும் சிரித்துவிட்டு டீ குடிக்கப் போவோம். இங்கே ஒரு முகம் தெரியாது. அதிலும் கஸ்தூரி டீச்சர் வருகிறார் என்று கேள்விப்பட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. மண்ணூர்ப் பக்கத்துப் பள்ளிக்காரர், ஓய்வு பெறும் வயது. முன்பு வந்த கருத்தாளரைக் கேள்வி கேட்டே அழவைத்தவராம். நானும் அழுதால் அப்புறம் இந்த வட்டாரத்தில் எப்படித் தலைகாட்டுவது?

மாதிரி வகுப்பில் ஆசிரியர்கள்தான் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளாக நடிக்க வேண்டும். எல்லோரும் குஷியாகப் பாயில் உட்கார்ந்து கை தூக்கினார்கள். முன்னால் இருந்த கஸ்தூரி டீச்சர் மட்டும் தலையைக் குனிந்தபடி இருந்தார். பெயர் கேட்டேன், பதில் இல்லை. படம் காட்டினேன், நிமிரவில்லை. பின்னால் கிசுகிசுவென்று சிரிப்பு. அவமானப்படுத்தத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன்.

“டீச்சர், கொஞ்சம் ஒத்துழைப்புக் கொடுங்க” என்றேன். குரல் உடைந்தது.

அவர் நிமிர்ந்தார். “கோச்சிக்காதம்மா. எங்கிளாஸ்ல ஒரு பொண்ணு, உங்க ஊரு பக்கம்தான், வந்த நாள்லேர்ந்து இப்டியேதான் குந்திகினு கீது. எனக்குப் பயமா கீதும்மா. நீ இன்னா பண்றேன்னு பாக்கலாம்னுதான் நானும் வாயத் தொறக்கல.”

சிரிப்பு நின்றுவிட்டது. கையிலிருந்த பயிற்சிக் கட்டகப் புத்தகத்தில் இதற்கு ஒரு வரிகூடக் கிடையாது. “தெரியல டீச்சர்” என்றேன். தொலைந்தோம் என்றுதான் நினைத்தேன். ஆனால் பக்கத்திலிருந்தவர், “எங்கிட்டயும் ஒரு பையன் அப்டி இருக்கான்” என்று ஆரம்பித்தார். இன்னொருவர் பாயை இழுத்துப் போட்டுக்கொண்டு கிட்டே வந்தார். சாப்பாட்டு மணி அடித்தும் யாரும் எழவில்லை. அன்றிலிருந்து எந்தப் பயிற்சியையும் நான் கட்டகத்தில் தொடங்குவதில்லை. உங்களைப் பயமுறுத்துகிற பிள்ளை எப்படி உட்காருமோ அப்படி உட்காருங்கள் என்றுதான் தொடங்குகிறேன்.

கஸ்தூரி டீச்சர் விடவில்லை, என்னைத் தன் பள்ளிக்கே வரச்சொல்லிவிட்டார். அந்தப் பிள்ளை பெயர் இசக்கி. சுவரோரம் ஒடுங்கியிருந்தவள் பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்து, “ஏட்டி, நீ எந்தூரு?” என்றேன்.

சட்டென்று என்னைப் பார்த்தாள். நெருங்கி வந்து, காதோரம், “மெல்லப் பேசுங்க. அப்பா தூங்குதாங்க” என்றாள்.

“எங்க ட்டி?”

வகுப்பு ஜன்னலுக்கு வெளியே, பள்ளிச் சுவரை ஒட்டியிருந்த வாடகை அறை வரிசையைக் காட்டினாள். வெளிச்சம் வராமல் ஒரு ஜன்னலில் அட்டை கட்டியிருந்தது. “நைட்டு முடிச்சிட்டு இப்பதான் வந்தாங்க. சத்தங் கேட்டா முழிச்சிருவாங்கல்லா.”

லீவு நாளெல்லாம் ஒரே அறையில் வாய்பொத்தி வளர்கிற பிள்ளை, பள்ளியிலும் அப்பாவின் தூக்கத்தைக் காவல் காத்துக்கொண்டிருந்திருக்கிறது.

“டீச்சர்,” என்று என் சேலையைப் பிடித்தாள். “நாம எப்ப நம்மூருக்குப் போவோம்?”

வாசலில் நின்ற கஸ்தூரி டீச்சர், “இன்னா சொல்லுது?” என்றார்.

“பேசுதா டீச்சர்” என்றேன். பிள்ளை கேட்டதைச் சொல்லவில்லை.

இசக்கி பதிலுக்குக் காத்திருந்தாள். ஒரகடத்தில் என் வீட்டு ஜன்னலிலும் அட்டைதான், அதற்குள்ளும் நைட் முடித்த ஒருவர் தூங்கிக்கொண்டிருந்தார். நானும் குரலைத் தாழ்த்திக்கொண்டேன்.

“முழிக்கட்டும் ட்டி. கேப்போம்.”