பஸ்ஸில் போன துண்டு

பென்சன் எடுத்த பிறகும் ஞானசேகரத்தாரின் வலது கால் ஓயவில்லை. சாப்பாட்டு மேசைக்குக் கீழே கிடந்தபடி அது இல்லாத அக்ஸிலேற்றரை மிதித்துக்கொண்டிருந்தது. கரையோர ரோட்டுப் பாலங்கள் திறந்த நாளிலிருந்து மூதூர் வழியாக மட்டக்களப்புக்கு பஸ் ஓட்டியவர். இப்போது சாம்பல்தீவு வீட்டில் விறாந்தைக்கும் குசினிக்குமாக அவர் ஓடிய ஓட்டத்தைப் பார்த்து மனைவி யோகமலருக்குத் தலை சுற்றியது.

சேவையின் கடைசி வருஷம், குறுக்கே வந்த மாட்டை விலத்த ஸ்டியரிங்கை வெட்டப்போய் பஸ் வயலுக்குள் புரண்டது. பயணிகள் உடுப்பைத் தட்டிக்கொண்டு எழும்ப, இவர் மட்டும் ஆஸ்பத்திரியில் கண் திறக்காமல் கிடந்தார். கண் திறந்தால் இருவருமாகத் திருகோணமலையிலிருந்து கதிர்காமம் வரை முழுத் தூரமும் நடந்தே வருவதாக யோகமலர் நேர்த்தி வைத்தாள். அவர் கண் திறந்தார். முருகனோடு இனிப் பேரம் பேச ஏலாது என்றுவிட்டாள்.

பென்சன் எடுத்த வருஷமே வடக்கிலிருந்து வந்த பாத யாத்திரைக் குழுவோடு சேர்ந்தார்கள். கிழக்குக் கரையால் காலங்காலமாக நடந்துவரும் வழி அது. இப்போது தோள்பை மாட்டிய வெள்ளைக்காரரும் கமராவோடு கொழும்புப் பிள்ளைகளும் வருகிறார்கள். எல்லாரும் எல்லாருக்கும் 'சாமி'. குழுவை நடத்திப்போகும் காசிநாதர் வேல் தூக்கி முன்னே போவார். வேலுக்கு முன்னால் யாரும் கால் வைப்பதில்லை.

ஞானசேகரத்தாருக்கு அந்த நடை பிடிபடவில்லை. பஸ்ஸில் ஒரு பாட்டு முடிவதற்குள் கடந்துபோகும் வயல்வெளி, நடக்கும்போது முடியவே மாட்டேன் என்றது. மூதூரில் சோடா கொடுத்த கடைக்கார கலீலுர் றஹ்மான், றைவருக்கு இன்றைக்கு பஸ் பிறேக்டவுனா என்று விசாரித்தது வேறு உள்ளே குத்திக்கொண்டிருந்தது. தோப்பூர் தாண்டியதும் தன்னை அறியாமல் வேலையும் காசிநாதரையும் முந்திக்கொண்டு போய்விட்டார்.

"சாமி, ஓவர்டேக் எடுக்க இதென்ன பஸ்ஸே? பின்னுக்கு வாங்கோ" என்றார் காசிநாதர்.

வரிசை முழுவதும் சிரித்தது. அவரைக் கடைசியில், கால் கொப்புளித்த ஒரு வெள்ளைக்காரப் பெடியனுக்குப் பக்கத்தில் விட்டார்கள். அவனைவிட மெதுவாக நடக்கக்கூடிய மனிதரை அவர் வாழ்க்கையில் கண்டதில்லை.

ஈச்சிலம்பற்றுப் பக்கம் மத்தியான வெயிலுக்கு எல்லாரும் மருத மர நிழலில் சரிந்தார்கள். அவரால் சரிய முடியவில்லை. ரோட்டோரம் நின்றார். மட்டக்களப்பு பஸ் வந்தது. இப்போது அதை ஓட்டுகிற சிவரூபன், அவரிடம் வேலை பழகியவன், நிறுத்தி, அண்ணை வெருகலடிக்கோ என்று கேட்டான். சொந்த வீட்டுக்குள் நுழைவதுபோல் கால் தானாக ஏறிவிட்டது. பஸ் எடுபட்ட பிறகுதான் திரும்பிப் பார்த்தார். யோகமலர் மரத்தடியில் எழும்பி நின்றாள்.

குழு அன்றிரவு தங்க இருந்த வெருகல் கோயிலடியில் மடைப்பள்ளிக்கும் ஆற்றுக்குமாக நடந்து நடந்து பொழுதைப் போக்கினார். பின்னேரம் குழு வந்தது. யோகமலர் பையை இறக்கி வைத்துவிட்டு அவருக்கு எதிரே இருந்தாள்.

"ஒரு துண்டு வழிதானே யோகம்" என்றார்.

"ரோட்டெல்லாம் துண்டுதான். அந்தத் துண்டை நீங்கள் பஸ்ஸுக்குக் குடுத்திட்டியள். இனி நான் ஆருக்கு நடக்கிறது? விடிய வீட்டை போறன்."

அவர் காசிநாதரிடம் போய்ப் பரிந்து பேசச் சொல்லிக் கேட்டார். அது அந்த அம்மாவுக்கும் முருகனுக்கும் உள்ள கதை, தான் நடுவில் வர மாட்டேன் என்று அவர் கையை விரித்துவிட்டார்.

விடிய யோகமலர் எழும்பியபோது பக்கத்துப் பாயில் ஆளில்லை. திருகோணமலைக்குப் போன முதல் பஸ்ஸில் ஏறியதைக் கண்டதாக யாரோ சொன்னார்கள். தனக்கு முன்னமே வீட்டுக்கு ஓடிவிட்டார், இந்த மனுசனுக்கு அதிலும் முந்த வேண்டியிருக்கிறது என்று எண்ணிக்கொண்டு, குழுவை வழியனுப்பிவிட்டுப் பையோடு ரோட்டுக்கு வந்து பஸ்ஸுக்கு இருந்தாள்.

வெயில் ஏறியது. பஸ் வரமுதல் ரோட்டின் வளைவில் ஒரு மனுசர் வந்தார். வேட்டியை மடித்துக் கட்டி, முழங்கால்வரை புழுதியோடு, கையை வீசி வீசி.

"நேற்று பஸ் ஏறின அந்த மரத்தடியில இறங்கி நடந்தனான்" என்றார், மூச்சு வாங்க. "ஒரு அடி விடேல்லை."

அவள் அவருடைய காலைப் பார்த்தாள். பெருவிரல் நகம் பெயர்ந்து இரத்தம் காய்ந்திருந்தது. முகத்தில் மட்டும், கனகாலமாக அந்த வீடு காணாத ஒரு தெளிவு.

"முன்னுக்கு ஒருத்தரும் இல்லை, யோகம். நல்லா இருந்தது."

திருகோணமலை பஸ் வந்து நின்றது. கொண்டக்டர் ஏறச் சொன்னான். அவள் போகும்படி கையைக் காட்டினாள்.

"அப்ப இப்பிடிச் செய்யுங்கோ" என்றாள். "ஒவ்வொரு நாளும் எங்களை முதல் விட்டிட்டு, நாங்கள் நல்லாத் தூரம் போனாப் பிறகு வெளிக்கிடுங்கோ. வேலையும் முந்த மாட்டியள், உங்கட பாட்டுக்கு ஓடவும் செய்யலாம். பஸ்ஸில ஏறினா மட்டும் இந்தப் பக்கம் வராதையுங்கோ."

அவர் தலையாட்டினார். யோகமலர் பையைத் தோளில் போட்டுக்கொண்டு, முன்னே போனவர்களைப் பிடிக்க வெருகல் பாலத்தில் ஏறினாள். இங்கேயே இருந்து ஒரு தேத்தண்ணி குடித்து, காலைக் கழுவி, ஆறுதலாக வாருங்கள் என்று சொல்லிவிட்டுத்தான் போனாள்.

அவள் பாலத்தில் பாதி தாண்டமுதலே அவர் வெளிக்கிட்டுவிட்டார்.