மூடிய பானை

கோட்டைக்குப்பத்தின் படகுத்துறையை ஒன்றியக் கவுன்சிலர் தருமலிங்கம் கம்பி வேலி போட்டு வளைத்துக்கொண்டார். சுற்றுலாப் படகு விடப்போகிறாராம். அவரும் அதே ஊர்க்காரர்தான். அன்றிலிருந்து மற்றவர்களின் படகுகள் ஏரியின் சேற்றுப் பக்கத்தில் நின்றன. கஸ்தூரி முழங்கால் சேற்றில் மீன்கூடை சுமந்தாள். ஒருநாள் கூடையோடு விழுந்தாள்.

"நீயும் ஒரு ஆம்பளனு கீறியே" என்றாள் கணவன் ஜெகதீஸ்வரனிடம்.

வேலியை வெட்டலாம் என்று ஊர் இளவட்டம் ரஞ்சித்தும் கூட்டாளிகளும் ஜெகதீஸ்வரனிடம் வந்தார்கள்.

"வெட்டுனா கேசு. ஸ்டேஷனு அவுரு ஊடு மாதிரி. கம்முனு இருங்கடா" என்று அனுப்பிவிட்டார்.

தருமலிங்கம் வண்டியை நிறுத்தி விசாரிப்பார். "இன்னா ஜெகா, சேறு ஜில்லுனு கீதா?"

"பழகிடுச்சுண்ணே."

காத்திருப்பவனும் பயந்தவனும் பார்வைக்கு ஒன்றுபோலத்தான் இருப்பார்கள். தான் இதில் யார் என்று ஜெகதீஸ்வரனுக்கே சில நாள் சந்தேகம் வந்தது. ஆனாலும் மழைக்காலம் முடியும்வரை வாயைத் திறக்கவில்லை.

மழைக்குப் பிறகு முகத்துவாரம் திறந்து ஏரிக்குள் இறால் ஏறியது. எந்த இடத்தில் யார் வலை கட்டுவது என்று ஊர் கூடிச் சீட்டு எடுக்கும் நாள் வந்தது. பாடு என்பார்கள் அதை. பாடு இல்லாதவன் ஊர்க்காரனே இல்லை. தருமலிங்கமும் தம்பியோடு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். அங்கே கட்சிக்கொடிக்கு இடமில்லை.

சீட்டுப் பானையைத் திறக்குமுன் ஊர்த்தலைவரான நாட்டார் வழக்கம்போலக் கேட்டார்: "யாருக்குனா கொறை கீதா?" ஒருவர் குறை சொன்னாலும், அது தீரும்வரை பானை மூடியே இருக்கும். ஆகவே யாரும் சொல்வதில்லை.

ஜெகதீஸ்வரன் எழுந்தார்.

"எனக்குக் கீது. தொறையில வேலி கீது."

"அத்த அப்பாலிக்கா பேசிக்கலாம், குந்து" என்றார் தருமலிங்கம்.

"சரிண்ணே. சீட்டையும் அப்பாலிக்கா எடுத்துக்கலாம்."

யாரோ சிரித்தார்கள். பிறகு முணுமுணுப்பு. இறால் யாருக்காகவும் நிற்காது. நேற்றுவரை கவுன்சிலரின் வண்டியில் சுற்றியவர்களும் இப்போது அவர் முகத்தையே பார்த்தார்கள். நாட்டார் பானைமேல் வைத்த கையை எடுக்கவில்லை. கடைசியில் தம்பியே சொன்னான்: "யண்ணா, நம்ம வலையும் சும்மாதானே கெடக்குது. அவுத்துடுண்ணா."

தருமலிங்கம் தம்பியிடம் வேலிக்கதவின் சாவியைக் கொடுத்தார்.

"கம்பி வந்தாத்தான் மூடி தொறக்கும்" என்றார் நாட்டார்.

ரஞ்சித்தும் தம்பியும் சேர்ந்தே கம்பியைச் சுருட்டி வந்து பானைக்குப் பக்கத்தில் போட்டார்கள்.

ஜெகதீஸ்வரனுக்கு விழுந்தது சுமாரான இடம்தான். மறுநாள் காலை துறையில் படகைக் கட்டியபோது கஸ்தூரி வந்து கூடையை நீட்டினாள். அவள் காலில் சேறு இல்லை என்பதை மட்டும் அவர் பார்த்துக்கொண்டார்.